சுண்ணாம்புப் பொடியில் போட்ட சாலை

பேக்கரி அண்ணன் முதல் நாளே கேட்டுவிட்டார். "ஏனுங்க தம்பி, ரோட்டை அகலம் பண்ணப் போறீங்களா?"

"இல்லைங்கண்ணா, குறைக்கப் போறோம்" என்றேன். அவர் டீ கிளாஸை மேசையில் வைத்த சத்தத்திலேயே பதில் இருந்தது.

கோவையில் சாலை வடிவமைக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் கான்ட்ராக்டர்களிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். நடைபாதையை நறுக்கி வண்டிக்கு இடம் கொடுத்தது, புளியமரங்களை வெட்டச் சொல்லி நின்றது எல்லாம் நான்தான். அதனால் பேக்கரி அண்ணனின் சந்தேகத்தை நான் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்த இன்ஜினியர்கள் எல்லோரும் என்னைப் போன்றவர்கள்தான்.

சந்திப்பின் பெயர் வேண்டாம், வேலை கொடுத்த அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். எங்கள் ஊரில் இதே மாதிரி எத்தனையோ உண்டு. பெரிய சாலையில் ஒரு சின்ன சாலை வந்து முட்டும். ஒரு மூலையில் பேக்கரி, சின்ன சாலைக்குள் பள்ளிக்கூடம், எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம், நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சிக்னல் கிடையாது. யாரோ எப்போதோ கொட்டிவைத்த வேகத்தடை ஒன்று. வேகத்தடை என்றால் மேலே வட்டமாக, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் விதி சொல்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு அது லேசாகத் தூக்கிப்போடும், அவ்வளவுதான். இங்கே இருந்தது முழங்கை நீளத்தில் ஒரு வரப்பு. இடுப்பு வலிக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு எதிர்ப் பக்கத்தில் போனார்கள்.

முதல் வாரம் வரைபடம் எதையும் தொடவில்லை. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை பேக்கரி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நோட்டில் குறித்தேன். சாலையைக் கடப்பவர் நடக்கிறாரா, ஓடுகிறாரா? எங்கள் வழக்கப்படி வண்டிகளைத்தான் எண்ணுவோம். கார் இத்தனை, பைக் இத்தனை, லாரி இத்தனை என்று அட்டவணை போடுவோம். நடப்பவர்களுக்கு அதில் பெரும்பாலும் ஒரு கட்டம்கூட இருக்காது. இந்த முறை ஓடுகிறவர்களை எண்ணினேன். பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஓடித்தான் கடந்தார்கள். கீரைக்கட்டு வாங்கிவந்த ஒரு பாட்டி ஓடவில்லை, ஓட முடியவில்லை. சாலையோரத்தில் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நடுவில் இறங்கினார். ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே அவரைச் சுற்றிப் போனது.

அன்று அங்கேயே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். சந்திப்பில் பெரிய சாலையின் அகலம் 21 மீட்டர், நடுவில் மீடியன் இல்லை. நடப்பவரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துத்தான் சிக்னல் கணக்கெல்லாம் போடுவார்கள். அப்படியானால் கடக்க 17 நொடிக்கு மேல் ஆகும். வண்டிகள் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன என்றால் நொடிக்கு 11 மீட்டர். ஆகவே ஒருவர் ஓடாமல் கடக்க, வண்டியே இல்லாத சாலை ஏறக்குறைய 200 மீட்டர் நீளத்துக்கு வேண்டும். பாட்டியின் நடை 0.8 மீட்டர் என்று வைத்தால் அது 290 மீட்டர் ஆகிவிடுகிறது. அதுவும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காலியாக இருக்க வேண்டும். அந்தச் சாலையில் அப்படி ஓர் இடைவெளி ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் கிடைக்கும். "பார்த்துப் போகக் கூடாதா" என்று அவரை யாராவது திட்டியிருப்பார்கள். பார்த்துப் பார்த்துத்தான் அவர் நின்றிருந்தார்.

கணக்கு போட்டதும் விடையும் கூடவே வந்துவிட்டது. நடுவில் 2 மீட்டருக்கு ஒரு திட்டு வைத்தால் கடப்பவர் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும். ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டரில் இரண்டு தடம், பக்கத்துக்கு 6 மீட்டர். சந்திப்பில் வேகம் 25 ஆகக் குறைந்தால் சாதாரண நடைக்கு 35 மீட்டர் இடைவெளி போதும், பாட்டிக்கு 52 மீட்டர். அது பகலிலும் கிடைக்கும். திட்டு ஏன் 2 மீட்டர் என்று கேட்பார்கள். சைக்கிளோடு நிற்கும் பையனும், தள்ளுகிற ஆளோடு நிற்கும் வீல்சேரும் முன்னும் பின்னும் நீட்டாமல் நிற்க அவ்வளவு வேண்டும். ஒரு மீட்டர் திட்டு பார்க்க அழகாக இருக்கும், அதில் பயந்துகொண்டுதான் நிற்க முடியும்.

இரண்டு பக்கமும் திட்டும் சேர்ந்து 14 மீட்டர். 21இல் அது போக மிச்சம் 7 மீட்டர். அது எங்கிருந்து வந்தது? யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் எந்தச் சந்திப்புக்கும் போய்ப் பாருங்கள். டயர் படாத இடத்தில் எல்லாம் மணல் படிந்திருக்கும், குப்பை ஒதுங்கியிருக்கும். எங்கள் சந்திப்பில் இரண்டு மூலைகளிலும் பெரிய மணல் முக்கோணங்கள் இருந்தன. மற்ற இடங்களில் நாள் முழுக்க நிறுத்திவைத்த வண்டிகள். ஓடுகிற வண்டிக்குத் தேவைப்படாத சாலை எது என்று மழை வரைந்து காட்டிவிட்டது. நான் அதைப் படமெடுத்து, படத்தின் மேல் கோடு போட்டேன்.

மூலைதான் இதில் பெரிய விஷயம். பெரிய சாலையிலிருந்து பள்ளித் தெருவுக்கு இடது பக்கம் திரும்பும் மூலை 12 மீட்டர் ஆரத்தில் வளைந்து கிடந்தது. பிரேக்கைத் தொடாமலே திரும்பலாம், எல்லோரும் அப்படித்தான் திரும்பினார்கள். "ஃப்ரீ லெஃப்ட்" என்று நாம் செல்லமாகச் சொல்வது இதைத்தான். பிள்ளைகள் தெருவைக் கடக்கும் இடமும் அதே வளைவின் வாயில். "மெதுவாகச் செல்லவும்" பலகை ஒன்று அங்கே இருக்கத்தான் செய்தது, மேலே டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஒட்டியபடி. நான் வரைபடத்தில் அந்த ஆரத்தை 4 மீட்டராக இறுக்கினேன்.

இந்த இடத்தில்தான் முதல் அடி வாங்கினேன். நல்லவேளை, கான்கிரீட்டில் வாங்கவில்லை. கான்கிரீட் போடுவதற்கு முன் நாலு நாள் சுண்ணாம்புப் பொடி, கோன், மணல்மூட்டை வைத்துப் பார்ப்போம் என்று எங்கள் அலுவலகப் பெரியவர் சொன்னார். சனிக்கிழமை இரவு இரண்டு காவலர்களின் உதவியோடு கோடு போட்டோம். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பைக் நேராக வந்து கோனில் ஏறியது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கோன்தான் போனது. தவறு எங்களுடையது. நேற்றுவரை இல்லாத ஒரு பொருளைச் சாலையில் வைத்துவிட்டு, ஒளிரும் பட்டை ஒட்டாமல், விளக்கு வைக்காமல் வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தோம். சோதனைக்கு வைக்கும் மணல்மூட்டையாக இருந்தாலும் முதல் இரவிலேயே அது கண்ணில் பட வேண்டும் என்பதை அதற்கப்புறம் மறந்ததில்லை.

ஞாயிறு நன்றாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை எந்த வடிவமைப்பும் நன்றாகத்தான் போகும். திங்கள் காலை எட்டேகாலுக்கு மினி பஸ் அந்த 4 மீட்டர் மூலையில் மாட்டிக்கொண்டது. பின்னால் பள்ளி வேன்கள், அதற்குப் பின்னால் ஆட்டோ. டிரைவர் இறங்கிவந்து, கோபப்படாமல், தரையைக் காட்டினார். "சார், முன் வீலு போன தடத்துல பின் வீலு வராது. உள்ளே வெட்டும். பாருங்க." சுண்ணாம்புப் பொடியில் அவருடைய பின்சக்கரம் போன தடம் துல்லியமாகப் பதிந்திருந்தது. இதைக் கம்ப்யூட்டரில் பார்க்க மென்பொருள் இருக்கிறது, நானும் பார்த்தேன். ஆனால் அதில் டிரைவர் ஒழுங்காக நடுத் தடத்திலிருந்து திரும்பினார். நிஜத்தில் அந்த இடத்தில் ஆட்டோ நின்றிருந்தது.

அந்தத் தடத்தை டேப் வைத்து அளந்து மூலையை மாற்றினோம். கார், பைக்குக்கு 4 மீட்டர்தான். அதற்கு உள்பக்கம், பஸ்ஸின் பின்சக்கரம் மட்டும் ஏறிப்போகிற மாதிரி தாழ்ந்த, சொரசொரப்பான கல் பட்டை ஒன்று. கார்க்காரர் அதைக் கண்டு ஒதுங்குவார், பஸ் ஏறி இறங்கும். பிள்ளைகள் நிற்கும் இடத்தை அந்தப் பட்டைக்கும் பின்னால் தள்ளி வைத்தோம். அந்த டிரைவருக்கு ஒரு டீயோடு முடிந்த பாடம், கான்கிரீட் போட்ட பிறகு என்றால் சில லட்சங்களாகியிருக்கும்.

சோதனை நாள்களில் கற்ற இன்னொன்று பூக்கார அக்காவைப் பற்றியது. அந்த மூலையில் வேப்பமரத்தடியில் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார். என் முதல் வரைபடத்தில் அவர் இல்லை. "ஆக்கிரமிப்பு அகற்றப்படும்" என்ற வரியில் அடங்கிவிட்டார். சோதனைக்காக அவரை நாலு நாள் தள்ளி உட்காரச் சொன்னோம். இரண்டாம் நாளே அந்த இடத்தில் மூன்று பைக்கும் ஒரு காரும் நின்றன. அந்தக் காருக்குப் பின்னாலிருந்து ஒரு யூகேஜி குழந்தை சாலைக்கு வந்தால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது, குழந்தை காரின் பானெட் உயரம்தான். இத்தனை வருடமாக அந்த மூலையைக் காலியாக வைத்திருந்தது எந்தப் பலகையும் அல்ல, அக்காவின் கூடைதான். அவரைத் திரும்ப அழைத்து, நடக்கும் பாதைக்கு வெளியே மரத்தடியில் ஒரு மேடை ஒதுக்கினோம். "ஏன் தம்பி, கிளம்புன்னு சொன்ன வாயாலயே வான்னும் சொல்றே" என்று சிரித்தார்.

பேக்கரி அண்ணனோடு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. வாசலில் பைக் நிறுத்த முடியாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றார். சென்னை பாண்டி பஜாரிலும் இதே பேச்சு ஓடியது. அங்கே தியாகராய சாலையில் நடைபாதையை அகலப்படுத்தி 2019 நவம்பரில் திறந்தார்கள், அதற்கு முன்பே சாலையில் சோதனை ஓட்டமும் நடத்திப் பார்த்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது கவனித்தது அலங்காரத்தை அல்ல. வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்து கடைக்குள் போனார்கள். இதை அண்ணனிடம் சொன்னால் "அது டி. நகர், இது நம்ம ஊரு" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் மூலையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி, பள்ளித் தெருவுக்குள் பைக் நிறுத்தக் கோடு போட்டுக் கொடுத்தோம். இன்றுவரை அவர் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

அப்புறம் கட்டுமானம். இதில் நான் சொல்லிக்கொள்ளும்படி செய்ததைவிடத் தப்பாகச் செய்தது அதிகம்.

பள்ளித் தெருவின் வாயில் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினோம். நடப்பவர் இறங்கி ஏறுவதற்குப் பதிலாக வண்டி ஏறி இறங்கட்டும் என்ற யோசனை. இது நன்றாகவே வேலை செய்தது, முதல் மழை வரைக்கும். மாலை ஆறு மணிக்குப் பேக்கரி அண்ணன் போன் செய்தார். வேறொன்றும் பேசவில்லை, போனைக் கடை வாசலுக்கு நீட்டினார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சாலையோரமாக ஓடிவந்த மழைநீருக்குக் குறுக்கே நான் சின்ன அணைக்கட்டு கட்டியிருந்தேன். வடிகாலுக்குக் கம்பிச்சட்டம் வைத்திருந்தோம், ஆனால் மேட்டுக்குக் கீழ்ப்பக்கம். தண்ணீர் முட்டி நிற்பது மேல்பக்கம். ஒரு வாரம் கழித்து உடைத்து, மேல்பக்கத்தில் இரண்டு சட்டம் வைத்தோம். சாலையில் எதை உயர்த்தினாலும் முதலில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி அது எங்கே போகிறது என்று இப்போதெல்லாம் பார்த்துவிடுகிறேன்.

நடைபாதை உயரம் இன்னொரு கதை. பழையது ஒரு அடிக்கு மேல் இருந்தது. அதில் ஏற முடியாமல்தான் எல்லோரும் சாலையில் நடந்தார்கள், நாம் "நடைபாதை இருந்தும் நடப்பதில்லை" என்று அலுத்துக்கொள்கிறோம். விதிப்படி உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். 15 வைத்தோம். ஆனால் வீட்டு கேட் வருகிற இடத்தில் எல்லாம் மேஸ்திரி வழக்கப்படி நடைபாதையையே சாலை மட்டத்துக்கு இறக்கிவிட்டார். நூறு மீட்டரில் ஏழு கேட், ஏழு முறை இறங்கி ஏற வேண்டும். அந்தக் கீரைப் பாட்டி ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங் கண்ணு, இது நடக்கறதுக்கா, மலை ஏறறதுக்கா?" சரிவை ஓரத்தில் ஒன்றரை அடிக்குள் முடித்துவிட்டு, நடக்கும் பகுதியைக் கேட்டுக்கு முன்பும் ஒரே மட்டத்தில் விட வேண்டும். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. சைட்டில் பக்கத்தில் நின்று சொல்லாதது என் தவறு. ஏழில் ஐந்தைத் திருத்தினோம், இரண்டு வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை.

பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் ஓடு நேராக மின்கம்பத்தில் போய் முட்டியதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்களே, அந்த மாதிரி ஒன்றை நானும் போட இருந்தேன். சர்வே பழசு. வரைபடத்தில் கம்பம் இல்லை, தெருவில் இருந்தது. மேஸ்திரி கம்பத்தடி வரைக்கும் ஓடு பதித்துவிட்டு, "கோடு இப்படித்தானுங்களே சார் போகுது" என்று காத்திருந்தார். அன்று சைட்டுக்குப் போனதால் தப்பித்தேன்.

நடைபாதையில் பைக் ஏறாமல் இருக்க நடும் குட்டைத் தூண்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவான விடை இல்லை. முதலில் இரண்டடி இடைவெளியில் நட்டோம். பைக் வரவில்லை. மாற்றுத்திறனாளிகளின் மூன்று சக்கர வண்டியில் ஊதுபத்தி விற்கும் ஒருவரும் வர முடியவில்லை, அவர் சாலையில் இறங்கித்தான் போனார். நாலடியாக்கினோம். அவர் வந்தார், பைக்கும் வந்தது. வீல்சேர் நுழைகிற இடைவெளியில் ஸ்கூட்டர் நுழையத்தான் செய்யும். காலை எட்டு மணிக்கு ஆள் நின்று விரட்டினால் ஒழிய இதற்கு வழியில்லை என்று மேஸ்திரி சொல்கிறார். ஒரு ஸ்கூட்டரை நிறுத்துவதற்காக ஒரு வீல்சேரை நிறுத்தக் கூடாது என்பது மட்டும்தான் இப்போதைக்கு என் முடிவு.

சில வருடங்களாகக் கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருக்கிறார்கள். காரில் போகும்போது எனக்கும் பிடிக்கிறது, காத்திருப்பதில்லை. இறங்கி நடந்தால்தான் தெரிகிறது. சிவப்பு விளக்கு வண்டிகளை நிறுத்தியபோது நடப்பவருக்கும் கொஞ்ச நேரம் கிடைத்தது. வண்டி நிற்காமலே ஓடினால் அந்த நேரம் யாருக்கும் இல்லை. யூ-டர்ன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வைக்கும் அன்றே, அதே எஸ்டிமேட்டில், நடப்பவர் எங்கே எப்படிக் கடப்பார் என்பதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டது எதுவும் என் அனுபவத்தில் வந்ததில்லை.

இதையெல்லாம் ஆடம்பரம் என்று நினைப்பவர்களிடம் எங்கள் பெரியவர் எண்ணைச் சொல்வார். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். எங்கள் ஊர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது சாலைப் பாதுகாப்புக்காகத்தான். அந்த வழக்கில்தான் 2025 அக்டோபரில், நடப்பவர்களுக்கும் சாலை வடிவமைப்புத் தரத்துக்கும் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்கும்படி நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த 198ஏ பிரிவும் என்னை மாதிரி ஆள்களுக்கு முக்கியம். தரம் மீறிய வடிவமைப்பால் உயிரோ உறுப்போ போனால் வடிவமைத்தவருக்கும் கட்டியவருக்கும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போது இப்போது கொஞ்சம் மெதுவாகத்தான் போடுகிறேன்.

வேலை முடிந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. "விபத்து குறைந்ததா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே சந்திப்பின் ஒரு வருடக் கணக்கை வைத்து மார்தட்டக் கூடாது. நான் பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்து ஓடுகிறவர்களை எண்ணுகிறேன். இப்போது சிலர்தான் ஓடுகிறார்கள், அதுவும் பெல் அடித்த பிறகு வருகிற பிள்ளைகள். கீரைப் பாட்டி நடுத் திட்டில் நின்று, கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, மீதியைக் கடக்கிறார்.

போன மாதம் கேபிள் போடுகிறவர்கள் நடைபாதையைத் தோண்டி, கற்களை மேடுபள்ளமாக மூடிவிட்டுப் போனார்கள். ஜீப்ரா கோடுகள் பாதி அழிந்துவிட்டன. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கோடு அடித்தாக வேண்டும். எஸ்டிமேட் போட்டுக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று பேக்கரி அண்ணன், "பெயிண்ட் என்னங்க தம்பி விலை இருக்கும்?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.